நீலக்கோடு நேராக வந்த ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் கையில் வைத்த குழாய் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். அழுகையெல்லாம் அப்புறம், நேரம் இருந்தால்.

"ஏன் மேடம் அடைச்சுது?"

"உள்ள ஒரு சுத்து முறுக்கிட்டிருக்கு."

"முறுக்கிடுச்சா? வைக்கும்போது நீங்க பாக்கலையா?"

அண்ணி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். டாக்டரிடம் இப்படியா பேசுவார்கள் என்று அவள் கண்ணாலேயே திட்டினாள். நான் விடவில்லை. "எங்க கம்பெனியில ஒரு பார்ட் அரை டிகிரி திரும்பியிருந்தாலே மொத்த லோடையும் திருப்பி அனுப்பிருவாங்க மேடம். நீங்க ஒரு முழு சுத்துன்னு சாதாரணமா சொல்றீங்க!"

அந்த அம்மா பெங்களூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓசூருக்கு வந்து ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்பவர். தமிழ் நன்றாகப் பேசுவார், பதற்றம் வந்தால் கன்னடம் வந்துவிடும். என் கத்தலுக்கு அவர் கோபப்படவில்லை. "நான்தான் வச்சேன். என்னால உள்ள பாக்க முடியல" என்றார். அவ்வளவு நேராகச் சொன்னவரிடம் அதற்கு மேல் எப்படிக் கத்துவது?

அண்ணனுக்குக் காவேரிப்பட்டினம் பக்கத்தில் மாந்தோப்பு. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதால் வாரம் மூன்று தடவை கிருஷ்ணகிரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். அதற்குப் பெரிய ஊசி போட, வேகமாக ரத்தம் ஓடும் தடித்த குழாய் ஒன்று கையில் வேண்டும். முதலில் இடது கையில் அவனுடைய சிரையையே தமனியோடு சேர்த்துப் பார்த்தார்கள், அது சுருங்கிப் போனது. அடுத்து ஒரு செயற்கைக் குழாயைத் தோலுக்கு அடியில் நுழைத்து, ஒரு முனையைத் தமனியிலும் மறு முனையைச் சிரையிலும் தைத்தார்கள். முறுக்கிக்கொண்டு அடைத்தது அதுதான். இடது கை அத்தோடு முடிந்தது. இப்போது கழுத்தில் ஒரு தற்காலிகக் குழாய், அதனால் அடிக்கடி குளிர் காய்ச்சல். மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான். அதுவும் போனால் தொடைதான், அது நல்லதில்லை என்று டாக்டரே சொன்னார்.

அண்ணன் அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டான். "இனிமே என் மேல கத்தி படக்கூடாது பாப்பா. வலது கையாவது சோறு திங்க இருக்கட்டும். கழுத்துக் குழாயோட எத்தனை நாள் ஓடுதோ ஓடட்டும்."

எத்தனை நாள் ஓடும்? அந்தக் காய்ச்சல் ஒவ்வொரு தடவையும் அவனைப் பாதியாக்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. மறுபடி டாக்டர் அறைக்கே போனேன்.

"அந்தக் குழாயை உள்ள நுழைக்கிற கருவியை நான் பாக்கலாமா மேடம்?"

நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் டிசைன் இன்ஜினியர். வண்டிகளுக்கான பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சுகள் செய்கிறோம். இருபது வருடமாக என் வேலையே ஒன்று இன்னொன்றுக்குள் சரியாக நுழைகிறதா என்று பார்ப்பதுதான். டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பழைய கருவி ஒன்றை எடுத்துவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். வளைந்த எஃகுக் குழல், அதற்குள் ஒரு கம்பி. கம்பியோடு குழலைத் தோலுக்கு அடியில் குத்தி, முழங்கையிலிருந்து அக்குள் பக்கம் வரை சுரங்கம் போட வேண்டும். அப்புறம் கம்பி முனையில் செயற்கைக் குழாயைக் கட்டி, குழலுக்குள் இழுக்க வேண்டும். கடைசியில் குழலை உருவினால் குழாய் மட்டும் உள்ளே நிற்கும். குழாயின் நெடுகிலும் ஒரு நீலக்கோடு இருக்கிறது. இரண்டு முனையிலும் அந்தக் கோடு மேலே தெரிந்தால் முறுக்கவில்லை என்று அர்த்தமாம்.

"ரெண்டு முனையிலயும் கோடு மேலதானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. அதுதான் எனக்கும் புரியல" என்றார்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் வரும்போது என் தலைக்குள் அந்தக் கம்பிதான் சுற்றிக்கொண்டிருந்தது. சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்று, பின்னாலிருந்த லாரிக்காரரிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு வாங்கினேன். திட்டட்டும்! எனக்கு வழி தெரிந்துவிட்டது. மோட்டார் தண்டில் புல்லி தனியாகச் சுற்றாமல் இருக்க, தண்டிலும் புல்லியிலும் நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டி நடுவில் கீ என்ற சின்ன ஆப்பைப் போடுகிறோமே, அதையே இங்கே போட்டால் என்ன? குழலுக்குள் நெடுக ஒரு காடி. குழாயைப் பிடிக்கும் கிளிப்பில் ஒரு சின்னக் கீ. கிளிப் முன்னால் போகலாம், பின்னால் வரலாம், திரும்ப மட்டும் முடியாது. கைப்பிடியில் ஒரு தட்டையான இறக்கை. இறக்கை மேலே இருந்தால் நீலக்கோடும் மேலே.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. "அண்ணா, மாங்கா சீசன் முடியறதுக்குள்ள நானே கருவி செஞ்சு தரேன். என் கருவியில வச்சா முறுக்கவே முறுக்காது. வலது கையைக் குடுக்கறியா?" "நீ செய்யறதுன்னா சரி" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரங்களை உபயோகித்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் தொழிலில் குறையைச் சரிசெய்வதற்கு முன் அதைக் கண் முன்னால் வரவழைக்க வேண்டும். அதற்கு உள்ளே தெரிகிற கை ஒன்று வேண்டும். மீந்துபோன அக்ரிலிக் பலகையில் மேற்கை அளவுக்கு ஒரு பெட்டி செய்து, மளிகைக் கடையில் ஜெல்லி செய்யும் சைனா கிராஸ் வாங்கிக் காய்ச்சி ஊற்றினேன். முதல் தடவை கம்பி பட்டதும் விண்டுபோனது. அடுத்த தடவை ஜெலட்டின் கலந்தேன், தாங்கியது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் உள்ளே நடப்பது தெரிந்தது. முதலாளி எட்டிப்பார்த்து, "என்னம்மா, ஜெல்லி பேக்டரி ஆரம்பிச்சுட்டியா? ஒரு கப் எனக்கும் வை" என்று சிரித்துவிட்டுப் போனார்.

டாக்டரை அழைத்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலை தானே கார் ஓட்டிக்கொண்டு, காலாவதியான செயற்கைக் குழாய்கள் ஒரு பையோடு வந்து இறங்கினார். பெட்டியின் மேல் துணியைப் போர்த்தி, ஆபரேஷனில் செய்வது போலவே பழைய கருவியை வைத்துச் செய்தார். முனையில் குழாய் வெளியே வந்தபோது நீலக்கோடு கீழே கிடந்தது. அரைச் சுற்று. சட்டென்று விரலால் திருப்பிக் கோட்டை மேலே கொண்டுவந்தார்.

"நோடி, இங்க பாரு, இப்ப சரியா இருக்கு" என்றார்.

துணியை எடுத்தோம். உள்ளே நடுவில் குழாய் ஒரு முழுச் சுற்று முறுக்கிக் கிடந்தது. பாதியில் திரும்பியதை அவர் அதே பக்கமாகவே இன்னும் பாதி திருப்பியிருக்கிறார்! அரை முழுசாகிவிட்டது, கோடும் மேலே வந்துவிட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ தேவரே, இத்தனை வருஷம்..." என்று கன்னடத்தில் ஏதோ சொன்னார். நானோ குதிக்காத குறை. குறை கிடைத்துவிட்டதே! மற்றவர்களுக்குத் துக்கமாக இருக்கும் விஷயத்தில் எங்களுக்கு இப்படி ஒரு கெட்ட சந்தோஷம் உண்டு.

இரண்டே வாரத்தில் என் கருவியைக் கடைந்து, காடி வெட்டி, வளைத்து முடித்தேன். கடைசி வேலை எங்கள் பாலிஷ்காரருடையது. பேரிகை ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு. அச்சுகளுக்கு வைரப் பசை போட்டு மெருகேற்றுவதில் அவரை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆளில்லை. பழைய கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதென்ன மேடம், சாம்பல் பூத்த மாதிரி கிடக்கு? மனுஷன் உடம்புக்குள்ள போறதை இப்படியா விடுவாங்க?" எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று நாள் தேய்த்தார். கொண்டுவந்து நீட்டியபோது என் மூக்குத்தி அதில் தெரிந்தது. டூல்ரூமில் வெல்வெட் துணி விரித்து அதன் மேல் வைத்தோம். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிறு டாக்டர் ஆபரேஷனுக்குப் போடும் பூதக்கண்ணாடியையும் நெற்றி விளக்கையும் கொண்டுவந்திருந்தார். விளக்கைப் போட்டார், குனிந்தார், அடுத்த நொடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ, பேட பேட, வேண்டாம்! கண்ணே போச்சு!"

பதறிப்போனோம். நெற்றி விளக்கு அந்தப் பளபளப்பில் பட்டு நேரே அவர் கண்ணுக்குள் அடித்திருக்கிறது. ஆபரேஷன் கருவிகளை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் வாங்குவார்களாம்! நாங்கள் வேலைத்திறன் போதாது என்று இளக்காரமாக நினைத்தோமே, அந்தச் சாம்பல் நிறம் கண் கூசாமல் இருக்கத்தான். ஒரு மாதமாகக் கையிலேயே வைத்திருந்தும், ஏன் இப்படி இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டூல்ரூம்காரர்களின் கண் அப்படி. பளபளக்காதது எல்லாம் எங்களுக்குப் பாதி வேலை.

பாலிஷ்காரரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கண்ணாடித் தூளை அடிச்சு மங்கலாக்கணும்ணா" என்றேன், பாதிக் குரலில்.

"என் கையால நான் கெடுக்கமாட்டேன். நீங்களே பண்ணிக்கோங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

நானே கண்ணாடித் தூள் அடிக்கும் இயந்திரத்தின் பெட்டிக்குள் கையை விட்டு, கருவியின் மேல் காற்றுக் குழலைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பின்னாலிருந்து ஒரு குரல். "அய்யோ தேவுடா! இப்படிப் பிடிச்சா திட்டுத்திட்டா வரும் மேடம். நகருங்க!" பிடுங்கிக்கொண்டார். தன் மூன்று நாள் வேலையைத் தானே கால் மணி நேரத்தில் அழித்தார். ஆனால் அந்த மங்கலிலும் ஒரு திட்டு கிடையாது, சீராக இருந்தது. அவரால் எதையும் சுமாராகச் செய்ய முடியாது.

டாக்டர் மறுபடி விளக்கைப் போட்டார். குத்தினார், இழுத்தார், குழலை உருவினார். துணியை எடுத்தோம். நீலக்கோடு முழங்கையிலிருந்து அக்குள் வரை மேலேயே படுத்திருந்தது. இன்னொரு தடவை. நேர். வேண்டுமென்றே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். குழாய் அசையவில்லை, நேர்! நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். டாக்டர் பாலிஷ்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனுஷன் வெட்கப்பட்டு எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார். முதலாளி வீட்டிலிருந்து பிரியாணி வரவழைத்தார். என் வாழ்க்கையில் நான் வரைந்த எதுவும் அன்றைக்குப் போல என்னை ஆட்டி வைத்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "அப்போ அண்ணனுக்கு அடுத்த மாசம் இதுலயே வச்சிரலாம்ல மேடம்?"

டாக்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "ஆகாதும்மா. இது மனுஷ உடம்புக்குள்ள போகணும்னா உலோகத்துக்கு டெஸ்ட் இருக்கு, கிருமி நீக்க டெஸ்ட் இருக்கு, மிருகத்துல பாக்கணும், அனுமதி வாங்கணும். வருஷக்கணக்குல ஆகும்."

"வருஷமா? அவன் அதுவரைக்கும் இருப்பானான்னே தெரியாது!"

"என் அப்பாவா இருந்தாலும் வைக்கமாட்டேன்."

எழுந்து வந்துவிட்டேன். பிரியாணி பாதியில் கிடந்தது. தளி ரோட்டில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். அந்த அம்மா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அத்தனை ஆத்திரம். ஒரு புது பிரேக் பாகத்தை, ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை சரியாக வந்தது என்று, நாங்கள் ஓடுகிற வண்டியில் மாட்டுவோமா? மாட்டவேமாட்டோம். ஆனால் அண்ணனிடம் என்ன சொல்வது? அவன் கையைக் கொடுக்கச் சம்மதித்ததே என் வாக்கை நம்பித்தான்.

அடுத்த நாளே காவேரிப்பட்டினம் போனேன். தோப்புக் கொட்டகையில் உட்கார்ந்து, அண்ணன் கடைசி மாங்காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ பழைய கருவியிலயேதான் வைப்பாங்களா?"

"ஆமாண்ணா."

"அப்ப என்னாத்துக்கு என்கிட்ட வாக்குக் குடுத்த?"

நான் ஒரு மாங்காயை எடுத்து அவன் கூடையில் போட்டேன். "நான் வரல, போ" என்று கூடையை நகர்த்தி வைத்தான். அவனிடம் கோபித்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.

என் கருவி முடிந்துவிட்டதே, இனி டாக்டர் எதற்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். என் கருவியைத் தொடவில்லை. "ஜெல்லி ஊத்திக் குடும்மா" என்றார். பழைய கருவியை வைத்துக்கொண்டு அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார். தன் கை எந்த இடத்தில், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். முழங்கை வளைவு தாண்டியதும் ஒவ்வொரு தடவையும் வெளிப்பக்கமாக. அப்படியென்றால் உள்பக்கமாகத்தான் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பதினைந்து வருடப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள நெற்றி வியர்க்க நின்றார். காய்ச்சி ஊற்றி எனக்குக் கை ஓய்ந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, எதற்கென்று சொல்லாமல் அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிவந்து டூல்ரூம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். உள்ளே டாக்டர் குனிந்து வேலையில் இருந்தார். இழுத்தார், துணியை நீக்கினார், கோடு நேர். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். அரை மணி நேரம் அண்ணன் அசையாமல் பார்த்தான். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லீங்களா டாக்டரம்மா?"

டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உங்க இடது கையை நான்தானே கெடுத்தேன்" என்றார்.

அண்ணன் வலது கைச் சட்டையை மேலே சுருட்டி, கையை மேஜை மேல் வைத்தான். "இதுல வைங்க. நான் வரேன்."

ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை காலையில். நானும் அண்ணியும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் ஜெபம் சொன்னாள். எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை, முழங்கை வளைவு தாண்டியதும் உள்பக்கம், உள்பக்கம் என்றே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மதியம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் வந்து என் உள்ளங்கையைப் பிடித்து, அண்ணன் மேற்கையில் கட்டுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தார்.

அதிர்ந்தது. தோலுக்கு அடியில் நிற்காமல் கிர்ர்ரென்று ஓர் அதிர்வு. எங்கள் தொழிலில் இப்படி அதிர்ந்தால் இயந்திரத்தை உடனே நிறுத்துவோம், ஏதோ உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பயத்தோடு டாக்டரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "இப்படித்தான் அதிரணும். ரத்தம் வேகமா ஓடுது. குழாய் நேரா இருக்கு."

"அதிருதுண்ணா! அண்ணா, அதிருது!" என்று கத்தினேன்.

"கத்தாத பாப்பா, எல்லாரும் தூங்கறாங்க" என்றான், அவன் கண்ணும் நனைந்திருந்தது.

தூங்காத ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். சாமல்பட்டிக்கார அக்கா, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவரும் டயாலிசிஸ் நோயாளிதான். "நீதானே அந்தக் கருவி செய்யற பொண்ணு?" என்று கேட்டார். அண்ணி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. போர்வைக்குள்ளிருந்து தன் கையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "எனக்கும் இதே மாதிரி குழா வச்சாங்க. நல்லா தொட்டுப் பாரு."

உள்ளங்கையை வைத்தேன். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, அழுத்தி, அழுத்தாமல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு ஒன்றும் இல்லை. கை சும்மா இருந்தது.

"இன்னொரு கை மிச்சமிருக்கு" என்றார். "உன் கருவி எப்ப வரும்?"

அவர் கையை நான் விடவில்லை. "வரும்க்கா" என்றேன். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.